ஆலைக் கடமை: செயின்ட் ஆல்பன்ஸ் முதல் திருமண்டங்குடி வரை

(புதுதில்லி மந்திர் மார்க்கில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பில் எனக்குத் தரப்பட்டுள்ள பொருள், நிலப்பிரபுத்துவக் கட்டாயங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு குடியானவர் தம் தானியத்தைத் தம் பிரபுவுக்குச் சொந்தமான ஆலையில்தான் அரைக்க வேண்டும். பக்கத்து ஊர் ஆலைக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் திரிகை வைத்து அரைத்துக்கொள்ளவும் கூடாது.

இந்தக் கட்டாயத்துக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்பது மொழிபெயர்ப்பாளருக்கு எழும் முதல் கேள்வி. 'ஆலைக் கடமை' என்று சொல்லலாம். இன்று நாம் 'கடமை' என்பதைச் செய்ய வேண்டிய பணி என்ற பொருளில் வழங்குகிறோம். பிற்காலச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளிலோ அது நிலத்துக்குச் செலுத்த வேண்டிய இறை. செய்தே தீர வேண்டியதும் செலுத்தியே தீர வேண்டியதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலேயக் குடியானவரின் நிலையும் அதுவே. ஆலைக்குச் செல்வது அவர் பணி. சென்ற இடத்தில் பங்கு கொடுப்பது அவர் செலுத்தும் இறை.

எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அயல்நாட்டுச் செய்தி நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நம் நாட்டிலும் ஒரு விளைபொருள் சட்டத்தின் வழியாகவே குறிப்பிட்ட ஓர் ஆலையுடன் கட்டப்பட்டிருக்கிறது. அது கரும்பு. அந்தக் கட்டு யாரைக் கட்டுகிறது, யாரைக் கட்டாமல் விடுகிறது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி.

பிரபுவின் ஆலை

1086ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் வில்லியம் எடுத்த 'டூம்ஸ்டே' நிலக்கணக்கில் சுமார் 6,000 ஆலைகள் பதிவாகியுள்ளன. பெரும்பாலும் நீரோட்டத்தால் சுழன்றவை. நீராலை உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியில் ஒரு பெரும் பாய்ச்சல் என்பதில் ஐயமில்லை. வீடுதோறும் பெண்கள் நாள்தோறும் திரிகையில் செலவிட்ட உழைப்பை அது மிச்சப்படுத்தியது. அப்படியிருக்க, குடியானவர்கள் திரிகையை விட மறுத்தது ஏன்? அவர்கள் பழைமையில் ஊறிக்கிடந்தார்களா?

பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் பிளாக் 1935இல் நீராலையின் வரலாறு குறித்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இக்கேள்விக்கு விடை தருகிறது. நாஜி எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கேற்று, 1944 ஜூன் 16 அன்று ஜெர்மன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். நீராலை கட்டுவதற்கு நீர்வழி வேண்டும், மூலதனம் வேண்டும். இரண்டும் பிரபுவிடம் இருந்தன. கட்டிய ஆலைக்குப் போதிய தானியம் வர வேண்டுமானால் குடிகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் வேண்டும். அதுவும் பிரபுவிடமே இருந்தது. ஏனெனில் நீதிமன்றமும் அவருடையது. கருவி பரவியதும் கட்டாயம் பரவியதும் ஒன்றோடொன்று பிணைந்தே நடந்தன.

அரைவைக் கூலி பணமாகப் பெறப்படவில்லை, தானியத்திலேயே பங்கு எடுக்கப்பட்டது. இருபதில் ஒன்று, இருபத்து நான்கில் ஒன்று என இடத்துக்கு இடம் மாறிய அந்தப் பங்கு, வடக்கே பதின்மூன்றில் ஒன்று வரை உயர்ந்தது. சுதந்திரக் குடியானவரைவிடப் பண்ணையடிமை கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்த ஊர்களும் உண்டு. அளப்பவர் ஆலைக்காரர், அளக்கும் மரக்காலும் அவருடையது. கவிஞர் சாசர் படைத்த ஆலைக்காரர் தானியம் திருடுவதில் தேர்ந்தவர், கூலியை மும்மடங்காக எடுப்பவர். அக்கால மக்கள் மனத்தில் ஆலைக்காரர் பெற்றிருந்த பெயர் அது.

போட்டி ஆலைக்கும் இடமில்லை. 1191 வாக்கில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் ஹெர்பர்ட் என்னும் குரு ஒரு காற்றாலை கட்டினார். காற்றின் பயனை எவருக்கும் மறுக்கலாகாது, தம் தானியத்தை மட்டுமே அரைக்கப் போவதாகவும் அவர் வாதிட்டார். மடாதிபதி சாம்சன் ஏற்கவில்லை. அந்த ஆலையை இடிக்க ஆணையிட்டார். நீர் மட்டுமன்றிக் காற்றும் பிரபுவின் உடைமையாக்கப்பட்டது.

இந்த வரலாற்றின் உச்சம் செயின்ட் ஆல்பன்ஸ் நகரம். அங்கும் பிரபு ஒரு மடாலயமே. திரிகை உரிமைக்காக நகர மக்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மடத்தை எதிர்த்து வழக்காடித் தோற்றார்கள். 1327இல் கிளர்ந்தெழுந்து சிறிது காலம் அந்த உரிமையை வென்றார்கள். பிறகு மடாதிபதி ரிச்சர்ட் அதனைப் பறித்தார். திரிகைகளைக் கைப்பற்றி, அந்தக் கற்களை மடத்துக் கூடத்தில் தளவரிசையாகப் பதிப்பித்தார். இந்த ரிச்சர்ட் ஒரு கொல்லரின் மகன். வானியற் கடிகாரம் வடிவமைத்த பெரும் அறிவாளி. அறிவியலில் முன்னோடியாக இருந்த ஒருவரே ஏழையின் திரிகையைப் பிடுங்கவும் செய்தார். தொழில்நுட்பம் தானாகவே விடுதலை தரும் என்று நம்புவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கற்கள் மடத்தின் தரையில் மிதிபட்டுக் கிடந்தன. 1381இல் குடியானவர் பேரெழுச்சி வந்தபோது, வில்லியம் கிரிண்ட்காப் தலைமையில் நகர மக்கள் மடத்துக்குள் புகுந்து தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, தேவாலயத்தில் அப்பம் பகிர்வதுபோல் ஆளுக்கு ஒரு துண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள். எழுச்சி ஒடுக்கப்பட்டது. கிரிண்ட்காப் கொல்லப்பட்டார், எழுச்சியின் குருவான ஜான் பாலும் அதே ஊரில் 1381 ஜூலை 15 அன்று கொல்லப்பட்டார்.

ஆனால் இக்கட்டாயத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. பல ஊர்களின் வழக்கப்படி, கொண்டுவந்த தானியம் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தும் அரைத்துத் தரப்படவில்லையானால், குடியானவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு ஆலைக்குப் போகலாம். பிரபுவுக்கும் ஒரு கடமை உண்டு, அதில் தவறினால் கட்டு அவிழும் என்று நிலப்பிரபுத்துவச் சட்டமே ஒப்புக்கொண்டது. இந்தச் செய்திக்குப் பின்னர் மீண்டும் வருகிறேன்.

களமும் ஆலையும்

தமிழ்நாட்டில் இதே கட்டாயம் இருந்ததா? இதே வடிவில் இருந்ததாகக் கூற இயலாது. செக்கிறை, தறியிறை ஆகியன நம் பழைய சாசனங்களில் உண்டு. அவை செக்கும் தறியும் வைத்திருப்பவர் செலுத்திய வரிகள். இன்னார் செக்கில்தான் ஆட்ட வேண்டும் என்ற கட்டாயத்தைக் குறிப்பவை அல்ல. சங்கப் பாடல்களிலும் கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓசை கேட்கிறது. ஆனால் நம் முதன்மை உணவு நெல். அது உரலில், பெண்களின் உலக்கையில் அரிசியானது. நிலவுடைமையாளர் உபரியைக் கவர ஆலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. களத்திலேயே மேல்வாரமாக அளந்துகொண்டார். அளந்த பின் உரலை யார் குத்தினால் அவருக்கென்ன?

உபரி உழைப்பு எந்த இடத்தில் உறிஞ்சப்படுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். விளைபொருள் ஆலைக்குச் சென்றே தீர வேண்டிய நிலை வரும்போது, சுரண்டலின் இடமும் களத்திலிருந்து ஆலைவாசலுக்கு நகர்கிறது. இந்தியாவில் அந்த நகர்வைக் கொண்டுவந்தது காலனியாதிக்கம்.

பீகாரின் சம்பாரணை எடுத்துக்கொள்வோம். 'தீன்கதியா' என்ற முறைப்படி, ஒரு பிகா நிலத்தின் இருபது கட்டாக்களில் மூன்றில் குத்தகைதாரர் அவுரி பயிரிட்டு வெள்ளைத் தோட்ட முதலாளியின் தொழிற்கூடத்துக்குத் தர வேண்டும். ஜெர்மனியின் செயற்கைச் சாயம் வந்து அவுரியின் விலை வீழ்ந்தபோது, முதலாளிகளே கட்டை அவிழ்க்க முன்வந்தார்கள். எப்படி? இனி அவுரி பயிரிட வேண்டாம், அதற்கு ஈடாகக் கூடுதல் குத்தகை கொடு அல்லது மொத்தமாக ஒரு தொகை கொடு என்றார்கள். கட்டிப் போட்டதற்கும் ஆதாயம், அவிழ்த்து விட்டதற்கும் ஆதாயம்! 1917இல் காந்தி அங்குச் சென்றதும், 1918இல் சம்பாரண் வேளாண் சட்டம் தீன்கதியாவை ஒழித்ததும் தோழர்கள் அறிந்தவை.

மந்திர் மார்க்கிலிருந்து பார்த்தால்

நாம் கூடியிருக்கும் இந்தச் சாலைக்குப் பெயர் தந்தது பிர்லா கோயில். 1930களில் கட்டப்பட்டு, 1939இல் எல்லாச் சாதியினருக்கும் அனுமதி உண்டு என்ற நிபந்தனையின்பேரில் காந்தி திறந்துவைத்தது. இதே சாலையின் வால்மீகி குடியிருப்பில், துப்புரவுத் தொழிலாளர்களிடையே, அவர் 1946-47இல் பல மாதங்கள் தங்கியிருந்தார்.

கோயில் எழும்பிய அதே பத்தாண்டில்தான் இந்தியச் சர்க்கரை முதலாளித்துவமும் எழும்பியது. 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. அப்போது நாட்டில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட ஆலைகளே இருந்தன. ஐந்தாறு ஆண்டுகளில் எண்ணிக்கை நூற்று முப்பதைத் தாண்டியது. பிர்லா குழுமமும் உத்தரப்பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் 1932இல் சர்க்கரை ஆலை தொடங்கியது. சம்பாரணிலும் அவுரியின் இடத்துக்குக் கரும்பு வந்தது. பயிர் மாறியது, ஆலைவாசலில் குடியானவர் காத்து நிற்பது மாறவில்லை.

ஆலைகளின் கொள்ளை விலைக்கு எதிராக 1934இல் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு வழங்கும் சட்டம் வந்தது. 1938இல் ஐக்கிய மாகாணத்தில் ஆலைதோறும் கரும்புப் பகுதியை ஒதுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 1953இல் உத்தரப்பிரதேசச் சட்டம் அதனை விரிவாக்கியது. தம் கரும்பைத் தாம் விரும்பியவருக்கு விற்கும் உரிமை பறிபோவதாக ஆயிரக்கணக்கான விவசாயிகள் தொடுத்த டீகா ராம்ஜி வழக்கில், 1956இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் இரு பாதிகள்

பின்னர், அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன் ஆறாம் பிரிவு, ஒரு பகுதியை ஓர் ஆலைக்கென ஒதுக்கவும், விவசாயி எவ்வளவு கரும்பு தர வேண்டும் எனத் தீர்மானிக்கவும், அனுமதியின்றி அப்பகுதியிலிருந்து கரும்பு வெளியேறுவதைத் தடுக்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் செய்யும் விசைப் பிழிவு எந்திரங்களை உரிமத்தின் கீழ்க் கொண்டுவரவும் அதே ஆணையில் இடமுண்டு. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இயங்கும் ஆலையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் புதிய ஆலை வரக் கூடாது. ஹெர்பர்ட் குருவின் காற்றாலையைத் தோழர்கள் நினைவுகூரலாம்.

இது சட்டத்தின் ஒரு பாதி. மறுபாதியும் எழுத்தில் உண்டு. கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் ஆலை விலையைத் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும். அரசு அறிவித்த விலைக்குக் குறையவும் கூடாது. 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்துள்ள நியாய ஆதாய விலை, 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு ரூ.355, 9.5 விழுக்காடும் அதற்குக் கீழும் ரூ.329.05.

எழுத்தில் இரு பாதிகளும் சமம். நடைமுறையில் முதற்பாதியை நிறைவேற்றக் காவலர் தேவையில்லை. கரும்பின் இயல்பே அதனை நிறைவேற்றிவிடுகிறது. வெட்டிய கரும்பு வயலில் கிடக்கக் கிடக்க எடை குறையும், சர்க்கரைச் சத்து இறங்கும். வெட்டு உத்தரவு வரும்வரை விவசாயி காத்திருக்க வேண்டும். வந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்க முடியாது. எடைமேடை ஆலையுடையது. பிழிதிறனைக் கணக்கிடுவதும் ஆலையே. சாசர் காலத்து மரக்கால் இன்று மின்னணுத் தராசாகியிருக்கிறது.

இரண்டாம் பாதியை நிறைவேற்ற அரசு தலையிட வேண்டும். அங்குதான் சட்டம் உறங்குகிறது. நம் மாநிலத்தில் 2013-14 முதல் 2016-17 வரை அரசு அறிவித்த பரிந்துரை விலையைத் தனியார் ஆலைகள் முழுமையாகத் தரவில்லை. ஆலைகளைத் தர வைப்பதற்குப் பதிலாக 2018இல் வருவாய்ப் பகிர்வு முறை சட்டமாக்கப்பட்டு, பரிந்துரை விலை அறிவிப்பே நின்றுபோனது. பாக்கி வைத்தவர் தண்டிக்கப்படவில்லை. விலை அறிவிக்கும் முறைதான் தண்டிக்கப்பட்டது.

தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் நடந்தது இன்னும் கொடிது. அங்குள்ள தனியார் ஆலை திவால் நடவடிக்கைக்குள்ளாகிக் கைமாறியது. கரும்புக்கு வர வேண்டிய பணம் நிலுவை. அதற்கு மேல், தங்கள் பெயரில் பழைய நிர்வாகம் வங்கிகளில் பெற்ற கடனுக்குத் தாங்கள் பொறுப்பாக்கப்பட்டதாக விவசாயிகள் குமுறினார்கள். 2022 நவம்பர் இறுதியில் அவர்கள் தொடங்கிய காத்திருப்புப் போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் வரிசையில், பிணை பெற்றுள்ள வங்கிகளுக்கு வெகு பின்னால் நிற்பவர் கரும்பு கொடுத்த விவசாயி.

இப்போது செயின்ட் ஆல்பன்ஸ் காலத்துக்குத் திரும்புவோம். ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்த இங்கிலாந்தின் பண்ணையடிமை, அரைபடாத தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. 14 நாள் காத்திருந்த நம் விவசாயி எதைத் தூக்கிக்கொண்டு போவார்? கரும்பு சாறாகி, சாறு சர்க்கரையாகி, சர்க்கரை வங்கியில் அடகாகிவிட்டது. ஆலை கடமை தவறினால் கட்டு அவிழும் என்ற பழைய பாதுகாப்புகூட நடைமுறையில் அவருக்கு இல்லை.

அவிழ்த்துவிட்டால் விடுதலையா?

அப்படியானால் பகுதி ஒதுக்கீட்டையே ஒழித்துவிடலாமே என்று ஒரு குரல் எழுகிறது. 2012இல் ரங்கராஜன் குழு, ஒதுக்கீட்டையும் ஆலைகளுக்கு இடையிலான தூர விதியையும் படிப்படியாகக் கைவிடப் பரிந்துரைத்தது. விவசாயி எங்கு வேண்டுமானாலும் விற்கலாம்; போட்டி வரும்; விலை உயரும் என்பது இவர்கள் வாதம்.

இந்த வாதத்தைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. பாக்கி வைத்த ஆலையிலேயே கட்டுண்டு கிடக்கும் விவசாயிக்கு இது இனிக்கவே செய்யும். ஆனால் மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். 1990களின் பிற்பகுதியிலேயே அங்கு ஒதுக்கீடு கைவிடப்பட்டது. கரும்பு விலைக்கும் நிலுவைக்குமான போராட்டங்கள் இன்றளவும் அங்கு ஓயவில்லை. ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவர் லாரி பிடித்து ஐந்து ஆலைகளிடம் பேரம் பேசுவார். ஒன்றரை ஏக்கர்காரருக்கு ஆலை ஒன்றுதான். விளைச்சல் மிகுந்த ஆண்டில் கரும்பை எடுத்தே தீர வேண்டும் என்ற பொறுப்பும் ஆலைக்கு இல்லையென்றால், அவர் கரும்பு வயலிலேயே காயும்.

எங்கும் விற்கலாம் என்ற இதே முழக்கத்தோடுதான் 2020இல் வேளாண் சட்டங்கள் வந்தன. சிங்குவிலும் டிக்ரியிலும் காஜிப்பூரிலும் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்திருந்த விவசாயிகள், விலைக்கு உத்தரவாதம் இல்லாத விற்பனைச் சுதந்திரம் யாருடைய சுதந்திரம் என்று கேட்டு, 2021 நவம்பரில் அச்சட்டங்களைத் திரும்பப் பெறச் செய்தார்கள். அதற்கும் முன், 2009 நவம்பரில் கரும்பு விவசாயிகள் பல்லாயிரக்கணக்கில் இதே தில்லிக்குள் திரண்டு, மாநில அரசுகளின் பரிந்துரை விலையை முடக்கும் அவசரச் சட்டப் பிரிவைப் பின்வாங்க வைத்தார்கள்.

இரு நாடுகளின் வரலாறு இங்கு ஒரு பாடம் சொல்கிறது. பிரான்சில் ஆலைக் கட்டாயத்தை வீழ்த்தியது புரட்சி. 1793 ஜூலை 17 அன்று நிலப்பிரபுத்துவப் பாக்கிகள் இழப்பீடின்றி ஒழிக்கப்பட்டன. குடியானவரிடம் நிலமும் நின்றது. இங்கிலாந்தில் ஆலைக் கட்டாயம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அதே நூற்றாண்டுகளில் வேலியடைப்புகள் குடியானவரை நிலத்திலிருந்து விரட்டின. 'மூலதனம்' நூலின் முதல் தொகுதியில் ஆதித்திரட்டல் பற்றிய பகுதி நமக்கு விளக்குவது இதைத்தான். எந்த ஆலைக்கும் போகலாம் என்ற உரிமை கிடைத்தபோது, அரைக்கத் தானியமுள்ள குடியானவர் பல ஊர்களில் இல்லாமற் போயிருந்தார்.

நாம் கோர வேண்டியவை

ஆகவே, கட்டு வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்பது போதாது. கட்டு இரு பக்கமும் கட்ட வேண்டும் என்பதே நம் கோரிக்கையாக அமைய வேண்டும்.

முதலாவதாக, பகுதி ஒதுக்கீடு என்பது ஆலைக்கு மக்கள் தரும் சலுகை. விலையைத் தந்தால்தான் பகுதி என்ற நிபந்தனை வேண்டும். நிலுவை வைத்த ஆலையின் பகுதி அடுத்த அரவைப் பருவத்துக்கு முன்பே கூட்டுறவு, பொதுத்துறை ஆலைகளுக்கோ ஒழுங்காகப் பணம் தரும் ஆலைக்கோ மாற்றப்பட வேண்டும். 15 விழுக்காடு வட்டி விவசாயி மன்றாடிப் பெறும் கருணையாக இல்லாமல், தானே கணக்கில் ஏற வேண்டும்.

இரண்டாவதாக, எடையும் பிழிதிறனும் ஆலையின் தனியுரிமையாக இருக்கக் கூடாது. விவசாயிகளின் பிரதிநிதிகள் கண்காணிக்க வேண்டும். திவால் வரிசையில் கரும்புப் பணத்துக்கு முன்னுரிமை வேண்டும்.

மூன்றாவதாக, ஆலை யாருடையது என்ற கேள்வி. 1950இல் மகாராஷ்டிரத்தின் பிரவராவில் கூட்டுறவு ஆலை எழுந்தபோது, விளைவிப்பவரே ஆலைக்கு உடைமையாளராகலாம் என்பது நிறுவப்பட்டது. பின்னாளில் பல கூட்டுறவு ஆலைகள் பணக்கார விவசாயிகளின், அரசியல் குடும்பங்களின் பிடியில் சிக்கின என்பதும் உண்மை. மடாதிபதியின் இடத்தில் தலைவர் ஒருவர் அமர்ந்துகொண்டால் அது கூட்டுறவாகாது. உரிய காலத்தில் தேர்தலும், சிறு விவசாயிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் குரலும் இருந்தால்தான் அது கூட்டுறவு. மதுரை மாவட்டம் அலங்காநல்லூர்க் கூட்டுறவு ஆலை பல ஆண்டுகளாக அரவையின்றிக் கிடக்கிறது. அதனைத் திறக்கக் கோரும் போராட்டம் அந்த வட்டாரக் கரும்பு விவசாயிகளின் கோரிக்கை மட்டுமன்று. ஆலை யாருக்கு என்ற பழைய கேள்வியின் இன்றைய வடிவம்.

இதில் இன்னொரு பகுதியினரை மறக்கலாகாது. ஆலைக்கும் விவசாயிக்கும் இடையிலான இந்தக் கணக்கில் பேசப்படாமல் போகிறவர் கரும்பு வெட்டும் தொழிலாளி. நிலுவையின் சுமை கடைசியில் வெட்டுக்கூலியின்மீதே இறங்குகிறது. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து நிற்காமல் இந்தப் போராட்டம் முழுமை பெறாது.

தோழர்கள் ஊர் திரும்பியதும் ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பகுதியின் கரும்பு விவசாயிகளிடம், எந்தத் தேதியில் கரும்பு ஆலைக்குச் சென்றது, எந்தத் தேதியில் பணம் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தேதிகளுக்கும் இடையில் எத்தனை 14 நாட்கள் கடந்தன என்று அவர்களோடு உட்கார்ந்து எண்ணுங்கள். வட்டியையும் கணக்கிடுங்கள். நம் கோரிக்கை மனுவை அந்தக் கணக்கிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.